பாய் சுமக்கிறவன்

ஜூன் 2

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன். போன தடவை உன் வீட்டு வாசலில் நாலு பேர் முன்னால் நீ என்னைப் பார்த்து, "பொம்மை வெச்சு விளையாடுறவன் கையில பொம்பளப் பிள்ளை எப்படிடா வளரும்? எங்கிட்ட குடுத்துட்டுப் போ" என்று கேட்டதை நான் மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை. ஆனால் இது வேறு விஷயம்.

அப்பா குழாய் ரிப்பேர் வேலையை விட்டபோது கொண்டுவந்து போட்ட பழைய ஈயக் குழாய்கள் உன் வீட்டுப் பின்கொட்டகையில் கிடக்கின்றன அல்லவா? உனக்கு அவை குப்பை. எனக்கு வேண்டும்.

எதற்கு என்று நீ கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது மேஜைமேல் ஈயப் பொம்மைகளை வைத்துச் செய்துகொண்டிருப்பது இசண்டில்வானா சண்டை. தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரன் பீரங்கியும் துப்பாக்கியுமாக ஜூலு நாட்டுக்குள் புகுந்தான். ஈட்டியும் மாட்டுத்தோல் கேடயமும் வைத்திருந்த ஜூலுப் படை ஒரே மதியத்தில் அவன் முகாமைத் துடைத்துப் போட்டது. சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் கடையில் டப்பா டப்பாவாகக் கிடைக்கிறார்கள். ஜூலு வீரன் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் ஒரு சிவப்புக் கோட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும், என் சம்பளத்துக்கு அது கட்டாது. அதனால் அச்சு செய்து நானே வார்க்கப் போகிறேன். ஒவ்வொருவனும் என் கட்டைவிரலின் மேல்கணு உயரம்தான்.

சுண்டு நன்றாக இருக்கிறாள். கேடயங்களில் புள்ளி வைப்பது அவள் பொறுப்பு. ஆறு வயதில் அவள் கைக்கு இருக்கிற நிதானம் என் ஆபீசில் வரைபடம் போடுகிற பாதிப் பேருக்குக் கிடையாது.

அத்தானிடம் கொடுத்தனுப்ப முடியுமா? இஷ்டமில்லையென்றால் விட்டுவிடு.

தம்பி


ஜூன் 11

தம்பிக்கு,

இத்தனை நாள் கழித்து ஒரு கடிதம், அதுவும் குழாய் கேட்டு! அக்கா செத்தாளா இருக்கிறாளா என்று ஒரு வரி இல்லை. பரவாயில்லை, கையெழுத்தையாவது பார்த்தேன்.

அந்தச் சண்டையில் வெட்டினவனும் வெட்டுப்பட்டவனும் மண்ணாகி நூறு வருஷம் ஆகியிருக்கும். அவர்களே விட்டுவிட்டார்கள், நீ விடமாட்டேன் என்கிறாய். உன் பெண்டாட்டி போன பிறகு நீ அந்த மேஜையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அது எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் அன்றைக்குக் கேட்டேன். நாலு பேர் முன்னால் கேட்டது தப்பு. கேட்டது தப்பில்லை.

அத்தான் பார்சல் வேனில் உன் ஊர்ப்பக்கம் வருகிறார். குழாய்களைச் சாக்கில் கட்டி ஏற்றியாகிவிட்டது. "உங்கப்பா சொத்துல உன் தம்பி பங்கு இவ்வளவுதானா?" என்று கேட்டுக்கொண்டே தூக்கினார். கொட்டகை காலியானதில் அவருக்கு ஏக சந்தோஷம். இதை என் சமாதானக் கொடியாக வைத்துக்கொள். தீர்ந்துபோனால் எழுது, மாடிப்படிக்கு அடியிலும் கொஞ்சம் இருக்கிறது.

சுண்டுவுக்கு ஒரு கவுன் தைத்து வைத்திருக்கிறேன். பழைய அளவுதான். வளர்கிற பிள்ளை என்று மடிப்பில் துணி விட்டிருக்கிறேன், போட்டுப் பார்த்து எழுது.

அக்கா


ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் குழாய் வெண்ணெய் மாதிரி உருகுகிறது. கடையில் வாங்கும் கட்டி இப்படி வராது. ஈட்டி பிடித்த விரல்வரை அச்சில் விழுகிறது. நீ பெரிய உதவி செய்திருக்கிறாய், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மழை விடாததால் சமையலறை ஸ்டவ்விலேயே ஜன்னலைச் சாத்திக்கொண்டு உருக்குகிறேன். வார்த்த வீரனை அரம் போட்டுத் தேய்த்தால் சாம்பல் நிறத்தில் தூள் கொட்டும். சுண்டு அதையெல்லாம் கையால் கூட்டி மேஜை ஓரத்தில் மலை செய்து வைக்கிறாள். இந்தச் சண்டை நடந்ததே ஒரு மலையடிவாரத்தில்தான், அதனால் விட்டுவிட்டேன்.

ஜூலுப் படையில் கல்யாணமானவனுக்கு வெள்ளைக் கேடயம், இளவட்டத்துக்குக் கறுப்பு. வெள்ளைக்கு இப்போதைய பெயிண்ட் எதுவும் சரிப்படவில்லை. பழைய சாமான் கடையில் ஒரு தகர டப்பா கிடைத்தது, எந்தக் காலத்துச் சரக்கோ, ஒரே பூச்சில் அப்படியே பிடித்துக்கொள்கிறது. புள்ளிக்குத் தூரிகை முனை ஊசியாக இருக்க வேண்டும். அதற்கு உதட்டை விட நல்ல கருவி கிடையாது. உதட்டில் வைத்து ஒரு இழு இழுத்தால் போதும். சுண்டுவும் கற்றுக்கொண்டுவிட்டாள். "இனிக்குதுப்பா" என்கிறாள், பைத்தியம்!

அவர்கள் அணிவகுப்பைக் கேள். எருமைத் தலை மாதிரி. நடுவில் மார்பு, இரண்டு பக்கமும் கொம்பு. எதிரி மார்பைப் பார்த்துச் சுட்டுக்கொண்டிருக்கும்போது கொம்புகள் சத்தமில்லாமல் சுற்றி வந்து பின்னால் சேர்ந்துவிடும். மார்புக்குப் பின்னால் இன்னொரு படை உண்டு. அவர்கள் சண்டைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். பார்த்தால் ரத்தம் சூடாகி, கூப்பிடும் முன்பே ஓடிவிடுவார்களாம். சுண்டுவுக்கு இது பிடித்துப்போய்விட்டது. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். திரும்பக் கூடாது, பேசக் கூடாது. நான், "சண்டை முடிஞ்சுது, எல்லாரும் வீட்டுக்கு வரலாம்" என்று சொன்னால்தான் எழுந்திருப்பாள். மறந்துபோய் ஒரு நாள் நான் கடைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள்!

படையோடு பாயும் தண்ணீரும் சுமந்துகொண்டு போகிற சின்னப் பையன்கள் உண்டு. அதில் ஒருவனை அவளுக்கென்றே வார்த்தேன். அவனுக்கு ஈட்டி இல்லை, கேடயம் இல்லை, தலையில் ஒரு சுருட்டிய பாய்தான். எங்கேயும் குத்தாது என்று அவள் கையில் கொடுத்திருக்கிறேன். எல்லாருக்கும் முறைப்பு வைத்த நான் இவனுக்கு மட்டும் ஒரு சிரிப்பு வைத்தேன். அவனோடுதான் தூங்குகிறாள்.

கவுன் அழகு. ஆனால் இடுப்பில் தொளதொள என்று நிற்கிறது. அளவைப் பெரிதாக வெட்டிவிட்டாய். இரண்டு நாளாக வயிறு வலி என்கிறாள், பள்ளிக்கூடம் என்றாலே வருகிற வலிதான்.

தம்பி


ஜூலை 19

தம்பிக்கு,

இருபது வருஷமாக மிஷின் மிதிக்கிறேன். என் அளவு தப்பாது. பழைய அளவில் தைத்த துணி வளர்கிற பிள்ளைக்கு இறுக்கும், தொளதொளக்காது. குழந்தை இளைத்திருக்கிறாள். நீ மேஜையைப் பார்க்கிறாய், அவளைப் பார்க்கவில்லை.

டாக்டரிடம் காட்டு. பூச்சி மருந்து கொடுத்தாயா? சாப்பிடுகிறாளா? சமையலறையில் பொம்மை உருக்கினால் சமையல் எங்கே நடக்கிறது? கொஞ்ச நாள் என்னிடம் அனுப்பு. நான் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. உடம்பு தேறியதும் நானே கொண்டுவந்து விடுகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்கா,

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். உன் கடிதம் அப்படித்தான் இருக்கிறது. "கொஞ்ச நாள்" என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். போன வருஷம் உனக்கு உடம்பு மோசம் என்று தந்தி அடித்தாய். விழுந்தடித்துக்கொண்டு வந்தால் நீ குத்துக்கல்லாட்டம் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாய். "குழந்தையப் பாக்கணும் போல இருந்துச்சு" என்றாய். லீவு முழுக்க அவளை விடவில்லை. உனக்குப் பிள்ளை இல்லையென்றால் அதற்கு என் பிள்ளையா கிடைத்தாள்?

எழுதியதை அடிக்க மனமில்லை. இந்த நாட்களில் எனக்கு யாரைப் பார்த்தாலும் எரிச்சலாக வருகிறது. ஆபீசில் என் கோடுகள் கோணுகின்றன என்று மேலாளர் எல்லார் முன்னாலும் தாளைத் தூக்கிக் காட்டினார். என் கோடு! வாயில் எந்நேரமும் பழைய சாவியைச் சப்பிய ருசி. தூக்கம் இல்லை.

சுண்டுவின் டீச்சர் ஒரு பக்கம். அவள் எழுத்துக்களை மறக்கிறாளாம், கூப்பிட்டால் திரும்புவதில்லையாம், பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டாளாம். அம்மா இல்லாத ஏக்கம், வேறென்ன? டாக்டர் பூச்சி மருந்துதான் கொடுத்தார், திருப்திதானே? ஈறு ஓரத்தில் நீலமாக ஒரு கோடு ஓடுகிறது. நீலப் பெயிண்டைத் தின்றாயா என்று கேட்டேன், அழுதாள். நான் நீலமே பயன்படுத்தவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

வலது கொம்பு முடிந்துவிட்டது. இடது கொம்புக்கு ஈயம் பற்றாது. மாடிப்படிக்கு அடியில் இருப்பதை அனுப்புவதாகச் சொன்னாய். அதுவும் வெறும் வாய்ப்பேச்சுதானா?

தம்பி


ஆகஸ்ட் 20

தம்பி,

நீ எழுதியதற்கெல்லாம் நான் பிறகு அழுதுகொள்கிறேன். இப்போது இதைப் படி.

என்னிடம் ஜாக்கெட் தைக்கிற நர்ஸ் ஒருத்தி உண்டு. குழந்தைகள் வார்டில் இருக்கிறாள். உன் கடிதம் வந்த அன்று அவள் கடையில் இருந்தாள். மனசு கேட்காமல் வயிற்று வலியையும் கடித்ததையும் சொன்னேன், சும்மா தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஈறில் நீலக்கோடு என்றதும் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். "அக்கா, அந்த வீட்ல யாராச்சும் ஈயம் உருக்குறாங்களா?" என்று கேட்டாள்.

தம்பி, ஈயம் விஷம். உருக்கும் புகையில் இருக்கிறது, தேய்க்கும் தூளில் இருக்கிறது. அந்தப் பழைய வெள்ளைப் பெயிண்டும் ஈயத்தில் செய்ததாகத்தான் இருக்கும், அதற்குத்தான் இனிப்பு ருசி என்றாள். தூரிகையை வாயில் வைப்பதைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். பெரியவர்களைவிடக் குழந்தைகளைத்தான் சீக்கிரம் பிடிக்குமாம். மூளைக்கு ஏறினால் வலிப்பு வரும், அதற்குப் பிறகு பிழைத்தாலும் பழைய பிள்ளையாக வரமாட்டாள் என்றாள். உன் கோடு கோணுவதும் அதனால்தான்.

சாக்கில் கட்டி அனுப்பியது நான். சமாதானக் கொடி என்று வேறு எழுதினேன். அவளை இன்றைக்கே அந்த வீட்டை விட்டு வெளியே கொண்டுபோ. என்னிடம் அனுப்ப வேண்டாம், என்னை நம்ப வேண்டாம். ஏதாவது ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தத்தைப் பார்க்கச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

தந்திக்குப் பிறகு இப்போது நர்ஸ். அடுத்தது யார், ஜோசியனா?

அப்பா ஆயுசு முழுக்க அந்தக் குழாய்களை அறுத்தார், ஊதினார், உருக்கினார். அவரை என்ன பண்ணியது? கடைசிக் காலத்தில் கை தொங்கிப்போய் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் இருந்தார், அது வயசு.

உன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சுகிறேன். ஒரே கல்லில் பொம்மையும் போக வேண்டும், பிள்ளையும் வர வேண்டும். அத்தானை அனுப்பாதே, கதவைத் திறக்க மாட்டேன். குழாயும் வேண்டாம். தண்ணீர்க் குழாயை மாற்றுகிறவனிடம் பேசி ஈயத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டேன்.

சண்டை நடந்த மதியம் சூரிய கிரகணம் பிடித்ததாம். அந்த மங்கல் வெளிச்சத்துக்காக ஜன்னலில் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கிறேன். பகலிலேயே வீடு அந்தி மாதிரி இருக்கிறது. முதுகு காட்டி உட்காரும் படைக்கு ஆள் போதவில்லை, சுண்டுவே உட்கார்ந்துகொள்கிறாள். இப்போதெல்லாம் நான் சொல்லாமலே போய் உட்காருகிறாள்.

இனிமேல் எழுதாதே.


செப்டம்பர் 15

அக்கா,

எழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே. வலது மணிக்கட்டு தொங்கிவிட்டது, இடது கையில் எழுதுகிறேன். அப்பாவுக்குத் தொங்கிய மாதிரியே.

பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நின்றவள் கீழே விழுந்திருக்கிறாள், வலிப்பு வெட்டி இழுத்திருக்கிறது. டீச்சர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். உன் நர்ஸ் சொன்னதையெல்லாம் இங்கே டாக்டர் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னார். மருந்து ஏற்றி ரத்தத்தில் ஈயத்தின் அளவு இறங்கியிருக்கிறது. என்னையும் படுக்க வைத்துவிட்டார்கள். அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவே கூடாது என்கிறார். யாரிடம் விடுவீர்கள் என்று கேட்டார். எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அத்தான் நேற்று வந்து அழைத்துப் போனார். இடையில் ஒரு தடவை வந்தவரைக் கதவைத் திறக்காமல் திருப்பி அனுப்பினேனே, அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. அவள் விழுந்த நாளிலிருந்து அவள் படுக்கிற பாயையும் துணியையும் பக்கத்து வீட்டில் வைத்திருந்தார்கள், அதையெல்லாம் எரிக்கச் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் வேறு சட்டை மாற்றித்தான் வேனில் ஏற்றினோம். பையைக் கொட்டிப் பார்த்தேன், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு துரும்புகூட அவளோடு வரவில்லை.

போகும்போது என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு பார்த்தாள், அவ்வளவுதான். கோபம் இருக்காதா? பார்த்துக்கொள்.

தம்பி


செப்டம்பர் 30

தம்பிக்கு,

நீ முதலில் உன் உடம்பைப் பார். அவள் என் கண்ணுக்குள் இருக்கிறாள். ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்க முடியவில்லை. இங்கே ரத்தம் பார்த்தார்கள். குறையவில்லை. ஏறியிருக்கிறது.

டாக்டர் என்னைத்தான் குடைகிறார். "அந்த வீட்ட விட்டு வந்தா இறங்கணும்மா. இது ஏறுது. உங்க வீட்லதான் எங்கயோ இருக்கு, தேடுங்க. இன்னொரு தடவை வலிப்பு வந்தா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்கிறார். அத்தான் மாடிப்படிக்கு அடியில் இருந்ததை எடுத்து ஊருக்கு வெளியே போட்டுவிட்டு வந்தார். கொட்டகை மண்ணை வெட்டி அள்ளினார். தண்ணீர்க் குழாயைப் பார்த்தாயிற்று, சுவர்ப் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தாயிற்று, தட்டு டம்ளர் எல்லாம் புதிது. இனி எதைத் தேடுவது? பிடுங்கிக்கொள்ள நினைத்த பாவத்துக்கு என் கையாலேயே போகிறாளோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிள்ளை என்னைப் படுத்துவதே இல்லை. வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை, எதற்கும் தலையாட்டல்தான். சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறாள். ராத்திரி விரல் சூப்புகிறாள் போலிருக்கிறது, கன்னம் அசைந்துகொண்டே இருக்கும். தாயில்லாப் பிள்ளைக்கு அதாவது ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் அதட்டவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் சரி, டாக்டரிடம் கிளம்பினாலும் சரி, முதலில் படுக்கைக்கு ஓடிப்போய்த் தலையணையைத் தட்டிச் சரி செய்துவிட்டுத்தான் வருவாள். அதில் உன்னை மாதிரி, பொருளை இடத்தில் வைக்கிற பிள்ளை.

என்மேல் சந்தேகம் இருந்தால் சொல்லிவிடு. தாங்கிக்கொள்வேன்.

அக்கா


அக்டோபர் 3

அக்கா,

இதைக் கொண்டு வருகிறவர் ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரர். சாயங்கால பஸ்ஸைப் பிடித்து வருகிறார். அவரை உட்காரச் சொல்வதெல்லாம் அப்புறம், முதலில் நின்ற இடத்தில் படி. தந்தி அடித்திருப்பேன். நான் உன்னை நம்பாத மாதிரி நீயும் என்னை நம்பாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது?

வீட்டைக் காலி செய்யச் சொல்லி இவரிடம் சாவி கொடுத்திருந்தேன். பொம்மைகளை மொத்தமாகப் புதைப்பதற்கு முன்னால் பெட்டியை ஒரு தடவை என்னிடம் காட்டச் சொன்னேன். ஆசைதான், வேறென்ன. ஒவ்வொருவனுக்கும் பெட்டியில் ஒரு குழி உண்டு. எல்லாக் குழியும் நிறைந்திருக்கிறது. பாய் சுமக்கிறவன் குழி மட்டும் காலி.

பையைக் கொட்டிப் பார்த்தேன், பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். வாயை யார் பார்ப்பார்கள்? உதட்டை இறுக்கிக்கொண்டு போனது கோபத்தால் இல்லை. விழுந்த அன்றைக்குக்கூட அவன் அவளோடுதான் இருந்திருக்க வேண்டும், ஆஸ்பத்திரியிலும் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். குத்தாது என்று நான்தானே கொடுத்தேன்.

உன் வீட்டில் ஒன்றும் இல்லை அக்கா. தேடாதே. தலையணை உறைக்குள் பார். அங்கே இல்லையென்றால் அவள் வாய்க்குள் இருக்கிறான்.

அதட்டாதே, பிடித்து அமுக்காதே. பயந்தால் விழுங்கிவிடுவாள். சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பாள். இந்த ஆட்டத்தில் கூப்பிடும் வரை பேசக் கூடாது, நான் கூப்பிடாமலே அனுப்பிவிட்டேன். பக்கத்தில் போய் உட்கார். அப்பா சொல்லச் சொன்னார் என்று சொல்லிவிட்டு, இதை அப்படியே சொல்: "சண்டை முடிஞ்சுது, எல்லாரும் வீட்டுக்கு வரலாம்." அப்போது திரும்புவாள். கையை நீட்டு, உன் கையில் துப்புவாள்.

அவனை வீசிவிடாதே. கழுவி, வெளிச்சத்தில் வைத்துப் பார். சப்பிச் சப்பி எவ்வளவு தேய்ந்து அவளுக்குள் போயிருக்கிறது என்று டாக்டர் கேட்பார். மூக்கு, கண், உதட்டில் ஒரு சிரிப்பு, எல்லாம் வைத்துத்தான் கொடுத்தேன். அவனுக்கு முகம் இருக்கிறதா என்று பார்த்து இவரிடமே எழுதிக் கொடுத்தனுப்பு.

தம்பி